நெகடிவ் இருக்கிறதா?

டிஜிட்டல் காமிராவில் 'ரா' படமா, 'ஜேபெக்' படமா? ஒரு ரயில்வே குமாஸ்தாவின் அனுபவம்

"அண்ணா, நெகடிவ் இருக்கிறதா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் என் வீட்டு வாசலில் நின்று ஓர் இளைஞர் கேட்ட கேள்வி இது. தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம். தகப்பனார் கொத்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எத்தனையோ பேருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தவர். கடைசி வரையில் அவர் குடியிருந்தது வாடகை வீட்டில்தான். முதல் நாள் இரவு அவர் மாரடைப்பால் காலமாகிவிட்டார்.

'கண்ணீர் அஞ்சலி' பேனர் அடிக்க நல்ல படமாக ஒன்று வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன்பு அவருடைய மகள் கல்யாணத்தில் நான் காமிராவும் கையுமாக இருந்தேன். ஆகையால்தான் என்னைத் தேடி வந்தார் மகன்.

படம் இருந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் நின்று பெரியவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். வேலையும் கவலையுமாகவே வாழ்ந்த அந்த மனிதர் அப்படிச் சிரித்து யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் வீடியோக்காரரின் விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் முழுவதும் பின்னால். முகம் கன்னங்கரேல் என்று இருட்டு.

ஸ்டூடியோக்காரரிடம் கொண்டு போனோம். அவரும் கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தார். இருட்டை வெளுக்க வெளுக்க, முகத்தில் கட்டம் கட்டமாகத் திட்டுகள் கிளம்பின. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி ஆகிவிட்டது முகம். "இது ஜேபெக் படம், சார். 'ரா' வைத்திருந்தால் கொஞ்சமாவது முகத்தை மீட்டிருக்கலாம்" என்றார் அவர். அதைத்தான் அந்த இளைஞர் 'நெகடிவ்' என்று கேட்டிருக்கிறார். என்னிடம் இல்லை.

கடைசியில், ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி பேனர் அடித்தார்கள்.

அன்றைக்கு என் மனதில் விழுந்த கேள்விக்கு விடை தேடித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். காமிராவோ செல்போனோ வைத்திருக்கும் நம்மவர்கள் ஒவ்வொருவருக்கும் இது உபயோகப்படும் என்பது என் நம்பிக்கை.

பச்சரிசியும் சோறும்

பழைய காமிராக்களில் ஃபிலிம் சுருள் இருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்தால் கழுவி, பிரிண்ட் போட்டு, நெகடிவையும் ஓர் உறையில் வைத்துத் தருவார்கள். பிரிண்ட் மங்கிப் போனாலும், கிழிந்து போனாலும் நெகடிவிலிருந்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் வெளுப்பாகவோ, கறுப்பாகவோ மாற்றியும் போடலாம்.

டிஜிட்டல் காமிராவில் ஃபிலிமுக்குப் பதில் ஒரு மின்னணுத் தகடு இருக்கிறது. அதன் மேல் லட்சக்கணக்கான நுண்ணிய கண்கள். என்னுடையது பழைய விலைக்கு வாங்கிய 18 மெகாபிக்ஸல் காமிரா. அதாவது ஒரு கோடியே எண்பது லட்சம் கண்கள். ஒவ்வொரு கண்ணும் தன் மேல் விழுந்த வெளிச்சத்தை அளந்து ஓர் எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்களை அனேகமாக அப்படியே எடுத்து வைத்தால் அதுதான் 'ரா' படம். 'ரா' என்றால் பச்சையானது, சமைக்காதது என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கண்களுக்குத் தனியாக நிறம் தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறக் கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள். பாதிக் கண்களுக்குப் பச்சை. கால் பங்குக்குச் சிவப்பு. கால் பங்குக்கு நீலம். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த ஏற்பாட்டுக்கு 1976ல் காப்புரிமை பெற்றார். பக்கத்துக் கண்களைப் பார்த்து, விட்டுப்போன நிறங்களைக் கணக்குப் போட்டு நிரப்பினால்தான் முழு வண்ணப் படம் கிடைக்கும்.

இந்தக் கணக்கை யார் போடுவது? காமிராவே போட்டு, நிறத்தைச் சரிசெய்து, வெளிச்சத்தைத் திருத்தி, சுருக்கிக் கொடுப்பது ஜேபெக். "நீ ஒன்றும் செய்யாதே, நானே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறேன்" என்று நாம் வாங்கிக்கொள்வது 'ரா'. ஒன்று வடித்த சோறு, மற்றொன்று பச்சரிசி. சோற்றை உடனே சாப்பிடலாம். ஆனால் குழைந்து போனால் திரும்ப அரிசியாக்க முடியாது.

நம் ஊர் மாணவர் போட்ட அஸ்திவாரம்

ஜேபெக் என்பது ஒரு நிபுணர் குழுவின் பெயர்ச் சுருக்கம். படங்களைச் சுருக்குவதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான முறை ஒன்று வேண்டும் என்று 1986ல் அந்தக் குழு அமைந்தது. 1992ல் முறை வெளிவந்தது.

அதன் இதயத்தில் இருக்கும் கணக்கு, பெங்களூரில் பிறந்த ஒருவருடையது என்றால் ஆச்சரியமாக இருக்கும்! அவர் பெயர் நசீர் அகமது. 1940ல் இங்கே பிறந்தவர். கே.ஆர். சர்க்கிள் வழியாக பஸ்ஸில் போகும்போது நாம் பார்க்கும் விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் படித்து 1961ல் பட்டம் பெற்றார். மேல்படிப்புக்கு அமெரிக்கா போய், அங்கேயே பேராசிரியர் ஆனார்.

1972ல், தம் யோசனையை ஆராய்ச்சி செய்யப் பண உதவி கேட்டு அமெரிக்க தேசிய விஞ்ஞான அமைப்புக்கு எழுதினார். கிடைக்கவில்லை. 'இது மிகவும் எளிமையாக இருக்கிறதே' என்கிற தோரணையில் ஒருவர் அபிப்பிராயம் சொன்னதாக அகமது பிற்பாடு எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே உட்கார்ந்து அந்த வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகத்தில் எடுக்கப்படும் கோடானுகோடி ஜேபெக் படங்களுக்கு அந்தக் கட்டுரைதான் அஸ்திவாரம்.

எதை விட்டுவிட்டு வருவது?

சுருக்குவது என்றால் என்ன? நான் பார்சல் பிரிவில் வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறேன்.

பஞ்சு மூட்டையை இயந்திரத்தில் அழுத்திக் கட்டுகிறார்கள். இடம் குறைகிறது. போய்ச் சேர்ந்ததும் பிரித்தால் பஞ்சு அவ்வளவும் இருக்கும். ஒரு இழை குறையாது. பெரும்பாலான 'ரா' படங்களைக் காமிரா சுருக்குவது இந்த வகை.

ஊரை விட்டுக் கிளம்பும் குடும்பம் மூட்டை கட்டுவது வேறு வகை. "அம்மி வேண்டாம், ஆட்டுக்கல் வேண்டாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பாதியை விட்டுவிட்டுத்தான் மூட்டை கட்டுகிறோம். போன இடத்தில் காலம் ஓடிவிடுகிறது. ஆனால் விட்டு வந்தது விட்டு வந்ததுதான். ஜேபெக் இந்த வகை.

எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. படத்தை அகலம் எட்டு, உயரம் எட்டு என்று 64 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய அலை, சிறிய அலை, மிக நுண்ணிய அலை என்று பல அலைகளின் கூட்டலாக மாற்றி எழுதுவதே நசீர் அகமதுவின் கணக்கு. நுண்ணிய அலைகளை மனிதக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றைச் சுமாராக எழுதினாலும், விட்டுவிட்டாலும் யாருக்கும் தெரிவதில்லை. நிற வித்தியாசங்களிலும் இதே மாதிரி கொஞ்சம் சிக்கனம்.

பலன் என்ன தெரியுமா? என் காமிராவின் ஒரு படத்தைச் சுருக்காமல் முழு வண்ணத்தில் எழுதினால் 54 எம்.பி. பிடிக்கும். நல்ல தரத்தில் ஜேபெக் ஆக்கினால் ஆறு அல்லது ஏழு எம்.பி.தான். எட்டில் ஒரு பங்கு! கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

இருட்டில் ஒளிந்திருப்பது

பின்னே, பெரியவரின் முகம் ஏன் திட்டுத் திட்டாயிற்று?

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் கறுப்பிலிருந்து வெளுப்பு வரை 256 படிகள்தான் உண்டு. என் காமிராவின் 'ரா' படத்தில் 16,384 படிகள். படம் ஒழுங்கான வெளிச்சத்தில் இருந்தால் 256 படிகளே தாராளம். முகம் இருட்டில் விழுந்தால்தான் சங்கடம். அந்த முகம் முழுவதும் அடியில் உள்ள பத்து, இருபது படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. சுருக்கும்போதும் அங்கே உள்ள மெல்லிய வித்தியாசங்கள் பல விடுபட்டுப் போகின்றன. பிறகு நாம் அதை வெளிச்சத்துக்கு இழுத்தால், இருக்கிற பத்து படிகளே அகலமாக விரிகின்றன. அதுதான் திட்டு. எட்டுக்கு எட்டுக் கட்டங்களும் எட்டிப் பார்க்கின்றன.

'ரா' படத்தில் அதே இருட்டுக்குள் படிகள் நிறைய ஒளிந்திருக்கும். மேலே தூக்கினால் கொஞ்சம் மணல் மணலாக இருந்தாலும் முகம் முகமாக வரும். டியூப் லைட் வெளிச்சத்தில் பச்சையடித்த தோலின் நிறத்தைச் சரிசெய்வதும் 'ரா'வில் சுலபம். ஜேபெக்கில் அந்த நிறம் ஏற்கனவே ஊறிப் போயிருக்கும்.

அதற்காக 'ரா' என்பது மாய மந்திரம் இல்லை. கை ஆடி மங்கிய படத்தை அது திருத்தாது. வெளிச்சம் ஒரேயடியாக மிஞ்சி வெள்ளைக் காகிதமாகிப் போன இடத்தில் எதுவும் மீளாது. கண் மூடியவரைத் திறக்க வைக்கவும் முடியாது!

மறுபக்கமும் உண்டு

பெரியவர் விஷயத்தில் சூடு பட்ட பூனையான நான், மறுநாளே காமிராவை 'ரா'வுக்கு மாற்றிவிட்டேன். அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது.

நம்மவர்களின் பொங்கல் விழா ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். 'ரா' படம் ஒன்றுக்கு 25 எம்.பி. என்னிடம் இருந்ததோ 8 ஜி.பி. அட்டை. ஜேபெக்கில் ஆயிரத்து இருநூறு படம் பிடிக்கும் அட்டையில், முன்னூறு படத்துக்கு மேல் போகவில்லை. பரிசளிப்பு ஆரம்பிக்கும் முன்பே அட்டை நிரம்பிவிட்டது. அவசரத்தில் பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே எடுத்தேன்.

இரவு எட்டரை மணிக்குப் பத்திரிகை அலுவலகத்துக்கு 'ரா' படத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. அனேகக் காமிரா கம்பெனிகள் தமக்கென ஒரு 'ரா' வகை வைத்திருக்கின்றன. தகுந்த மென்பொருள் இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டிதான். நான் மாற்றி அனுப்புவதற்குள் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. மறுநாள் செய்தி வந்தது, படம் வரவில்லை. பரிசு வாங்கிய ஒரு சிறுமியின் தகப்பனார் ஆறு பிரதி வாங்கி வைத்திருந்தாராம். தப்பு முழுக்க என்னுடையதே.

பெரிய செய்தி நிறுவனங்களும் இதை யோசிக்காமல் இல்லை. ராய்ட்டர் நிறுவனம் 2015 நவம்பரில் தன் ஃப்ரீலான்ஸ் படக்காரர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. 'ரா'விலிருந்து செய்த படங்களை அனுப்பாதீர்கள், காமிராவிலேயே ஜேபெக்காகப் பிறந்த படங்களை மட்டும் அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். சீக்கிரம் வர வேண்டும் என்பது ஒரு காரணம். உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும், மெருகு போடக்கூடாது என்பது மற்றொரு காரணம். அதே சமயம், உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வரும் படங்களுக்குக் காமிராவில் பதிவான மூலப்படத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். 'ரா'வில் எடுத்தவர் 'ரா'வையே காட்ட வேண்டும். படத்தில் ஏதாவது சேர்த்தாரா, அழித்தாரா என்று அதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அவசரத்துக்கு ஜேபெக், சாட்சிக்கு 'ரா' என்று சொல்லலாம்.

எதற்கு எது?

இத்தனைக்கும் பிறகு நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இதுதான்:

திரும்ப எடுக்க முடியாத சமயங்களுக்கு இரண்டும். கல்யாணம், காது குத்து, அறுபதாம் கல்யாணம், ஊரிலிருந்து வந்த வயதான தாய் தகப்பன். அனேகக் காமிராக்களில் 'ரா', ஜேபெக் இரண்டையும் ஒரே அழுத்தலில் எடுக்கும் வசதி இருக்கிறது. ஜேபெக்கை அன்றைக்கே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். 'ரா' நெகடிவாகப் பெட்டியில் இருக்கட்டும். இடம் அதிகம் பிடிக்கும். பெரிய அட்டையாக வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

நல்ல பகல் வெளிச்சத்தில், சாதாரண விஷயங்களுக்கு ஜேபெக் போதும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். படம் சரியில்லை என்றால் இன்னொரு நாள் போய் எடுக்கலாம். தரத்தை மட்டும் மிக உயர்ந்ததில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பந்தயம், கபடி போன்றவற்றுக்கும் ஜேபெக்தான் வசதி. 'ரா'வில் மளமளவென்று எடுத்தால், எழுதி முடிக்கக் காமிரா மூச்சு வாங்கும்.

கம்ப்யூட்டரில் உட்கார நேரம் இல்லாதவர்கள் 'ரா' மட்டும் எடுப்பதில் பிரயோசனம் இல்லை. சமைக்க ஆள் இல்லாத வீட்டில் அரிசி மூட்டை எதற்கு? நேரம் உள்ளவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

செல்போனிலும் சிலவற்றில் 'புரோ' என்ற பிரிவில் 'ரா' எடுக்கலாம். ஆனால் ஒன்று. செல்போன் பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றாக்கித்தான் அழகான படம் தருகிறது. அதன் 'ரா' பல சமயம் ஒற்றைப் படம். ஆகவே முதல் பார்வைக்கு மட்டமாகத் தெரியலாம். செல்போனில் எடுப்பவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நிற்க வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னும் இரண்டு விஷயம். ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். ஆகவே மூலத்தைத் தொடாமல் வைத்து, நகல் எடுத்துத் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னும் சுருக்கிவிடும். ஊருக்கு அனுப்பி அங்கே பிரிண்ட் போடுவதாக இருந்தால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அப்படியே போய்ச் சேரும். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். செல்போன் தொலைந்தால் படமும் போச்சு என்று தலையில் கை வைப்பவர்களை ரயில் நிலையத்தில் நான் தினமும் பார்க்கிறேன்.

"என்னையும் ஒண்ணு எடுத்து வை"

பெரியவர் காலமாகி ஓராண்டு கழித்து, அவர் வீட்டில் திதிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் ஆதார் அட்டைப் படம் மாலையோடு இருந்தது. விறைப்பாக, யாரோ ஒருவர் மாதிரி. எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

சாப்பிட்டு எழுந்தபோது அவருடைய மனைவி மெதுவாகச் சொன்னார்: "ஏம்ப்பா, பொட்டி கொண்டாந்திருக்கியா? என்னையும் ஒண்ணு எடுத்து வை. பிள்ளைங்களுக்கு ஆகும்."

வாசல் திண்ணையில், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வைத்தேன். மகன் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். இரண்டு வகையிலும் எடுத்தேன். ஜேபெக் படம் பிரிண்ட் ஆகி அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்த அம்மாளும் சௌக்கியமாக இருக்கிறார்கள். நீண்ட நாள் இருக்கட்டும்.

'ரா' படம் என் வீட்டில் ஒன்று, மகனிடம் ஒன்றாக இரண்டு இடத்தில் இருக்கிறது. இனி யாராவது வாசலில் வந்து "நெகடிவ் இருக்கிறதா?" என்று கேட்டால், தலை குனியாமல் பதில் சொல்லலாம்.